பச்சை முக்கோணம் போட்ட பாட்டில்

சுதாகர், முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. உன் அம்மா அடித்தால் எடுக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. முப்பது வருஷமாகப் பொன்னேரி பக்கத்து ஆரணி பஜாரில் பூச்சிமருந்துக் கடை போட்டு நான் எழுதியதெல்லாம் "டேங்குக்கு இரண்டு மூடி, வெயில் தாழ அடிக்கவும்" என்ற மாதிரி வரிகள்தான். ஆனால் பேசினால் நான் கத்துவேன், நீ கத்துவாய், நடுவில் உன் அம்மா அழுவாள். எழுத்தில் நான் எவ்வளவு கத்தினாலும் நீ குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளையிடம் அப்பன் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு விஷயம், அதையும் ஆசீர்வாதமாகச் சொல்ல முடியாமல் வயிறு எரிய எரியச் சொல்கிறேன்.

நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியைக் கேட்க உனக்குத் தைரியம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். ஆற்றங்கரைப் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருக்கும் கன்னியம்மாள் ஒரு பாலிதீன் கவரோடு வந்தாள். நம் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருமே நோயைக் கையோடு கொண்டுவருகிறவர்கள்தான். தீப்பெட்டியில் புழு, மடியில் இலை, சில பேர் கத்தரிச் செடியையே வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து கவுன்ட்டரில் படுக்க வைப்பார்கள். கன்னியம்மாள் கவரைக் கவிழ்த்துக் கொட்டினாள். மல்லி மொட்டைத் துளைக்கிற புழு. ஒன்றுகூட அசையவில்லை.

"பாத்தியாண்ணே! நேத்து சாய்ங்காலம் உன் புள்ள மருந்த அட்சோம். காலைல பூ பறிக்கப் போனா செடிக்கடியில கொட்டிக் கெடக்குது. இன்னா மருந்துண்ணே இது! எந்தங்கச்சி தோட்டத்துக்கும் ரெண்டு பாட்டில் குடு" என்று சிரித்தாள். பத்து பேர் காதில் விழுகிற மாதிரி உன்னைப் புகழ்ந்தாள். பெற்றவன் உச்சி குளிர்ந்து நின்றிருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது.

ஏன் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதை வேறு யாராவது படிக்க நேர்ந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். நீ தயாரிக்கிற மருந்தில் இருக்க வேண்டிய வேப்பங்கொட்டைச் சத்து ராத்திரியோடு ராத்திரியாகப் புழுவைக் கொல்கிற சரக்கு இல்லை. இலையையும் மொட்டையும் தின்ன விடாமல் செய்யும், தோலை உரித்து வளரவிடாமல் செய்யும். அது உள்ளே போன புழு சோர்ந்து, பட்டினி கிடந்து, நாளாக நாளாக அடங்கும். அதை நீதான் எனக்குப் பாடம் எடுத்தாய். "நைனா, புழு செத்துதான்னு பாக்காத, இலையில புது ஓட்டை விழுதான்னு பாரு" என்று சொன்னவன் நீ. அதே வார்த்தையை நான் மனப்பாடம் செய்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஒப்பித்தேன். காலையில் மூட்டையாய்ச் செத்துக் கிடக்கிற புழு வேம்பால் சாகவில்லை. உன் மருந்து நன்றாக வேலை செய்ததைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

அலமாரியிலிருந்து நீ போன வாரம் அனுப்பிய பாட்டில் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்தேன். முதலில் வேப்பெண்ணெயின் பூண்டு நாற்றம். அதற்கு அடியில் இன்னொரு வாசனை. முப்பது வருஷமாக அந்த வாசனையோடு குடும்பம் நடத்தியவன் நான், என்னை ஏமாற்ற முடியாது. எது என்று மூக்கால் பெயர் சொல்ல முடியாதே தவிர, எதுவோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. "கன்னியம்மா, யார் அடிச்சது?" என்று கேட்டேன். "மருமவதான். செல்வி. டேங்கு மூடி சரியில்ல, முதுவெல்லாம் நனஞ்சிட்டா. நீதான சொன்ன, வேப்பெண்ணெதான், மூஞ்சில துணி கூடக் கட்ட வேணாம்னு. கைய மட்டும் அலம்பிக்கினு சாப்ட்டுப் படுத்துட்டா. காலைல பூவும் அவதான் பறிச்சா. இப்ப தல சுத்துதுன்னு சொல்லிக்கினு கெடக்கறா. வெறும் வயித்துல குனிஞ்சி குனிஞ்சி பறிச்சா அப்டித்தான்" என்றாள். துணி கட்ட வேண்டாம் என்று சொன்னது நான்தான். உன் பாட்டிலில் இருந்த, ஆபத்து குறைவு என்று காட்டும் பச்சை முக்கோணத்தை நம்பிச் சொன்னேன்.

கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். செல்வி வாசலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர், வாயோரம் எச்சில் வடிகிறது, துடைக்கக்கூடக் கை எழவில்லை. முந்தின நாள் மருந்து அடித்த அதே புடவை. அந்தப் புடவை மடியில்தான் காலையில் மொட்டுகளைக் கட்டியிருக்கிறாள். கன்னியம்மாள் அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி "செல்வி, ஏ செல்வி, என்னப் பாரு" என்று கத்தினாள். புடவையை மாற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவச் சொன்னேன். ஆட்டோ பிடித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் இரண்டு தரம் வாந்தி. கன்னியம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கி, "வேப்பெண்ணெக்கு இப்டி ஆவுமாண்ணே? ஆவுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் ஆட்டோக்காரனை வேகமாகப் போகச் சொன்னேன்.

டாக்டர் சின்னப் பெண். நான் நீட்டிய பாட்டிலை வாங்கிப் படித்துவிட்டு என்னை முறைத்தாள். "இதுல வேம்புன்னு போட்டிருக்கு. இந்த அம்மாவுக்கு வந்திருக்கிறது இதனால வர்றதில்ல. அறிகுறிய வச்சு மருந்து ஆரம்பிச்சுட்டேன், ஆனா உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். யாருக்குத் தெரியும்?" என்றாள். யாருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். வராந்தாவுக்கு வந்து உனக்குப் போன் போட்டேன்.

முதல் தடவை "மீட்டிங்ல இருக்கேன் நைனா" என்று வைத்துவிட்டாய். இரண்டாவது தடவை நான் விஷயத்தைச் சொன்னேன். "நம்ம மருந்துல ஒண்ணும் கலக்கல நைனா. அவங்க வேற எதையாவது சேத்து அடிச்சிருப்பாங்க" என்றாய். மூன்றாவது தடவை நான் எதுவும் கேட்கவில்லை. வார்டுக்குள் போய், செல்வியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மூச்சு இழுக்கிற சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். கன்னியம்மாள் கும்பிட்ட கையோடு அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ பேசவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன், அறுந்திருக்கவில்லை. நீ அங்கேதான் இருந்தாய். பிறகு "டாக்டர்கிட்ட குடு" என்றாய். கலந்த சரக்கின் பெயரை என்னிடம் சொல்லவில்லை, அந்த டாக்டர் பெண்ணிடம் சொன்னாய். அவள் எழுதியதை எட்டிப் பார்த்தேன். நம் கடையில் கடும் விஷம் என்று சிவப்பு முக்கோணம் போட்டு, நான் பூட்டி வைத்திருக்கும் அலமாரியில் இருக்கும் அதே சரக்கு. நான் யாருக்கும் இரண்டு தடவை யோசிக்காமல் எடுத்துக் கொடுக்காத சரக்கு.

செல்வி பிழைத்துக்கொண்டாள். அதை உனக்கு மெசேஜ் அனுப்பினேன், நீ பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது. அன்று சாயங்காலம் நீயே கூப்பிட்டாய். எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்பாய் என்று காத்திருந்தேன். "நைனா, அந்த பேட்ச் முழுசா மாத்திக் குடுத்துர்றேன். வெளில சொல்லாத. பேஜாராயிடும். வேப்பம்பட்டுல பொண்ணு ஊட்டுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்னு யோசிச்சுப் பாரு" என்றாய். நான் கத்தினேன். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "நீ மட்டும் இன்னா நைனா? முப்பது வருஷம் வெஷம் வித்துத்தான என்னப் படிக்க வச்ச?"

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகுதான் எடுக்காமல் இருக்கிறாய். பதிலுக்கு நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்தாயோ என்னவோ. இப்போது சொல்கிறேன், நிதானமாகக் கேள். ஆமாம், விஷம்தான் விற்றேன். ஆனால் விஷம் என்று சொல்லி விற்றேன். பாட்டில் மேலேயே மண்டை ஓடு இருக்கும், சிவப்பு முக்கோணம் இருக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அடி, முகத்தில் துணி கட்டு, அடித்துவிட்டுத் தலை முழுகு, இத்தனை நாளைக்குப் பறிக்காதே, காலி பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைக்காதே என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். வாங்கிப் போகிறவனும் பயந்துகொண்டேதான் கொண்டுபோவான். அந்தப் பயம்தான் அவனுக்குக் காவல். நீ பச்சை முக்கோணத்தை ஒட்டி அந்தக் காவலைப் பிடுங்கிவிட்டு, உள்ளே அதே விஷத்தை ஊற்றினாய். செல்வி வேம்பு என்று நம்பியதால்தான் முதுகு நனைந்தும் சும்மா இருந்தாள், அதே புடவையில் தூங்கினாள். நான் விற்ற விஷத்தை அடித்தவன்கூட அப்படித் தூங்கியதில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ பள்ளிக்கூடம் போகிற வயசில், கடையை மூடிவிட்டு வந்து நான் உன் பக்கத்தில் படுப்பேன். ஒரு நாள் என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "நைனா, உம்மேல மருந்து நாத்தம் அடிக்குது, அம்மாகிட்ட போறேன்" என்று எழுந்து போய்விட்டாய். குளித்துவிட்டு வந்தாலும் வர மாட்டாய். எனக்கு அது எவ்வளவு வலித்தது என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை. பெரியவனாகி, கும்மிடிப்பூண்டியில் பெயின்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தொழிற்பேட்டைக்குள் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து வேப்பங்கொட்டை அரைக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது உன் அம்மா திட்டினாள். நான் மட்டும் தலையாட்டினேன். உன் முதல் சாம்பிளைக் கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் கொண்டுவந்தாய், வீடே நாறியது. "இத அட்சா புழு சாவுமா, இல்ல நாத்தம் தாங்காம ஊரக் காலி பண்ணுமா?" என்று உன்னைக் கேலி செய்தேன். உள்ளுக்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. என் பிள்ளையின் சட்டையை அவன் பிள்ளை மோந்து பார்த்தால் எழுந்து ஓட வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

நீ ஏன் கலந்தாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. நானும் கடைக்காரன். எத்தனை பேர் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து "புழு நல்லா கொழுத்துப்போய் நடமாடிக்கினு கீது, உம்புள்ள இன்னா புழுவுக்கு டானிக்கா வித்தான்?" என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவனையும் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "அவசரப்படாதப்பா, இலையப் பாரு, புது ஓட்டை இருக்குதா சொல்லு" என்று சமாதானம் செய்து அனுப்புவேன். பாதிப் பேர் மறுவாரம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு இன்னொரு பாட்டில் கேட்பார்கள். மீதிப் பேர் வரவே மாட்டார்கள். மற்ற ஊர்க் கடைக்காரர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது, அவர்கள் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று நீ புலம்பினாய். நியாயமான புலம்பல்தான். அதற்கு வழி, ஊருக்கு ஒரு தோட்டத்தில் நீயே நின்று அடித்துக் காட்டுவது. செடி தேறுகிறவரை திரும்பத் திரும்பப் போய் நிற்பது. கொல்லாத மருந்தைக் கொல்கிற மருந்தாக வேஷம் கட்டி விற்பது இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். வேம்பு என்றால் சாமி, செடியிலிருந்து வந்தால் சாது என்று நான் நம்புகிறவன் இல்லை. உன் அம்மா ஒரு தரம் செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று யார் பேச்சையோ கேட்டுப் புகையிலையைக் கொதிக்க வைத்துக் கையாலேயே பிழிந்து தெளித்தாள். இலைதானே என்று நினைத்தாள். அரை நாள் தலை தூக்க முடியாமல் வாந்தி எடுத்தாள். "செம்பருத்தி நல்லா கீது, நான்தான் செத்துட்டேன்" என்று அப்புறம் சிரித்தாள். புகையிலையும் செடிதான், அரளியும் செடிதான். அதனால் செடியா, ரசாயனமா என்று நான் சண்டை போடவில்லை. பாட்டில் மேலே எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா, இல்லையா? எனக்கு அவ்வளவுதான் தெரிய வேண்டும். படித்த பிள்ளை உனக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் ஆத்திரம் வருகிறது.

நான் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நம் கடையில் இருந்த உன் பாட்டில்களை எல்லாம் எடுத்துப் பூட்டிவிட்டேன். வாங்கிப் போனவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து அடிக்காதே, திருப்பிக் கொண்டுவா என்று சொல்லிவிட்டேன். "ஏன்ணே, நல்லாத்தான வேல செய்யுது?" என்று கேட்டான் ஒருவன். விஷம் கலந்திருக்கிறது என்று சொன்னேன். யார் கலந்தது என்று அவன் கேட்கவில்லை, என் குரலிலேயே புரிந்திருக்கும். கன்னியம்மாள் தோட்டத்தில் நின்ற மொட்டுகளை எல்லாம் உதிர்த்துக் குழியில் போட்டு மூடினோம். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் செல்வி பறித்த பூ அதற்கு முன்பே பஸ் ஏறிப் போய்விட்டது. அது எந்த ஊரில், யார் தலையில் ஏறியது என்று எனக்குத் தெரியாது. எந்தக் குழந்தைக்கு வைத்துவிட்டார்களோ.

மற்ற கடைகள் எவை என்று எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். மீஞ்சூர் பக்கம் கொடுத்திருக்கிறாய், ஆந்திரா பக்கமும் ஒரு லோடு போனதாக உன் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். அங்கேயும் யாராவது துணி கட்டாமல் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க உன் அப்பன் இருக்க மாட்டான். இன்று சாயங்காலத்துக்குள் எல்லாக் கடைக்கும் போன் செய், என்ன கலந்தாய் என்று பெயரோடு சொல், சரக்கை எடு. நீ செய்யாவிட்டால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இந்தக் கடிதத்தை அப்படியே விவசாயிகள் குரூப்பில் போட்டுவிடுவேன். பிறகு விவசாய ஆபீசுக்கும் ஒரு காப்பி போகும். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் அப்படியே வைத்துக்கொள். என் பிள்ளை என்று பார்த்தால் அந்த மருந்தை அடிக்கிறவர்கள் எல்லாம் யார் பிள்ளைகள்?

உன் அம்மா இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு என்னோடு சண்டை போட்டாள். "கல்யாணம் முடியட்டுமேங்க, இன்னா அவசரம்? ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா?" என்றாள். அவள் தாய், அப்படித்தான் சொல்வாள். பிறகு அவளே கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணுகிட்ட மொதல்ல அவனே சொல்லட்டும். வேற யாராச்சும் சொல்லிக் கேக்கக் கூடாது" என்றாள். அதைவிட நல்ல புத்தி என்னிடம் இல்லை. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் இன்றைக்கே சொல். அவள் வேண்டாம் என்றால் அது அவள் நியாயம். சொல்லாமல் தாலி கட்டினால், அங்கேயும் ஒரு பச்சை முக்கோணத்தைத்தான் ஒட்டுகிறாய். பத்திரிகை அடித்து வந்துவிட்டது. சாமிக்கு வைத்துவிட்டு அடுத்தது கன்னியம்மாள் வீட்டுக்குத்தான் தட்டோடு போவது என்று நானும் உன் அம்மாவும் எப்போதோ முடிவு செய்திருந்தோம். நீ வெறுங்கையோடு அந்த வாசலுக்குப் போய்வந்த பிறகுதான் நான் தட்டோடு போவேன். அதுவரை பத்திரிகைக் கட்டைப் பிரிக்க மாட்டேன்.

நேற்று நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். செல்வி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள், கை இன்னும் நடுங்குகிறது. கன்னியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கலந்தது என் பிள்ளைதான் என்று சொன்னேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. செல்வியின் வாயோரக் கஞ்சியை முந்தானையால் துடைத்துவிட்டாள். அப்புறம் கேட்டாள்.

"கலந்தது கூட போவட்டும்ண்ணே. யாவாரத்துல ஆளுங்க இன்னான்னாவோ பண்றாங்க. ஆனா டாக்டரு பேரு கேக்கசொல்ல எம்மருமவ மூச்சு உட முடியாம கெடந்தா. நான் கும்புட்டுக்கினு நின்னேன். அந்தப் பேரச் சொல்றதுக்கு உம்புள்ள அவ்ளோ நேரம் இன்னா யோசிச்சிக்கினு இருந்தான்? அத மட்டும் கேட்டுச் சொல்லு."

கேட்டுவிட்டேன் சுதாகர். பதிலை எனக்கு அனுப்பாதே. அவள் வீட்டுக்குப் போய், செல்வியும் இருக்கும்போது, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்.